காலநிலை மாற்றத்தைத் தமிழில் எங்கே தேடுவது?

“ஓசோன் படையில் ஓட்டை விழுந்ததால்தான் பூமி வெப்பமடைகிறது.” காலநிலை மாற்றம் பற்றி மாணவர்களிடம் கேட்கும்போது எனக்கு அடிக்கடி கிடைக்கும் பதில் இது. சில ஆசிரியர்களும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இவை இரண்டு வேறு பிரச்சினைகள். ஓசோன் படையைத் தேயச் செய்தவை முக்கியமாகக் குளோரோபுளோரோகாபன்கள். 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பின்னர் அவற்றின் பாவனை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. ஓசோன் படையும் மெல்ல மீண்டு வருகிறது. புவி வெப்பமடைவதற்குப் பிரதான காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் வளிமண்டலத்தில் சேரும் காபனீரொட்சைட்டு. காரணத்தைத் தவறாக விளங்கிக்கொண்ட மாணவர், தீர்வையும் தவறான இடத்திலேயே தேடுவார்.

நம்பகமான தகவல்கள் எங்கே இருக்கின்றன? இந்தத் துறையில் உலகின் அடிப்படை ஆவணங்கள் ஐ.பி.சி.சி. என்ற அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைகள். அவற்றின் சுருக்கங்கள் ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளில் வெளியாகின்றன. அந்த ஆறில் தமிழ் இல்லை. ஆகவே, ஆங்கிலம் வாசிக்கத் தயங்கும் தமிழ்மொழி மூல ஆசிரியர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்.

தமிழில் தேடினாலும் இன்னொரு தடை இருக்கிறது. நமது பாடநூல்களின் கலைச்சொற்கள் வேறு, தமிழ்நாட்டின் கலைச்சொற்கள் வேறு. நாம் ‘பச்சைவீட்டு விளைவு’ என்பதை அங்கே ‘பசுமை இல்ல விளைவு’ என்கிறார்கள். நமது ‘காபனீரொட்சைட்டு’ அங்கே ‘கார்பன் டை ஆக்சைடு’. ‘காலநிலை மாற்றம்’ பல இடங்களில் ‘பருவநிலை மாற்றம்’ என்றே எழுதப்படுகிறது. ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுபவருக்குப் பாதி விடயங்கள் கண்ணில் படாமலே போகும். எனவே, இரண்டு வகைச் சொற்களையும் இட்டுத் தேடுங்கள். மாணவர்களுக்கும் இரண்டையும் அறிமுகப்படுத்துங்கள்.

தொடங்குவதற்குச் சில இடங்கள் உள்ளன. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கு நாசாவின் சிறுவர் காலநிலைத் தளம் எளிமையானது. பாரிஸில் 2018இல் தொடங்கப்பட்ட காலநிலைக் கல்விக்கான அலுவலகம், ஐ.பி.சி.சி. அறிக்கைகளை ஆசிரியர்களுக்கான சுருக்கங்களாகவும் வகுப்பறைச் செயற்பாடுகளாகவும் மாற்றித் தருகிறது.

கிடைப்பதையெல்லாம் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோக முடியாது. ஒரு செய்தியை எடைபோடும்போது நான் கேட்கும் கேள்விகளே இங்கும் உதவும்.

முதலாவது, எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார்கள்? 2011–2020 காலப்பகுதியில் பூமியின் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலப்பகுதியை விட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் அதிகம். ஒப்பிடும் காலத்தைச் சொல்லாத எண்ணை நம்பி எதையும் கற்பிக்க முடியாது.

இரண்டாவது, வானிலையையும் காலநிலையையும் குழப்புகிறார்களா? வானிலை இன்றைய மழை. காலநிலை பொதுவாக 30 ஆண்டுகளின் சராசரி. 1978 நவம்பரில் மட்டக்களப்பை உருக்குலைத்த சூறாவளியை மட்டும் வைத்துக் காலநிலை மாற்றத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் காற்று ஒரு பாகை சூடாகும்போது அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகவியல். கனமழை ஏன் மேலும் கடுமையாகிறது என்பதை அங்கிருந்து விளக்கலாம்.

மூன்றாவது, எல்லாப் பழியையும் காலநிலை மீது போடுகிறார்களா? யாழ்ப்பாணக் கிணறுகள் உவராவதில் கடல்மட்ட உயர்வுக்குப் பங்கிருக்கலாம். அளவுக்கு மீறி நீர் இறைப்பதும் ஒரு காரணம். அதைச் சொல்லாத பாடம், நம் கையில் இருக்கும் பொறுப்பை மறைத்துவிடுகிறது.

இணையமே இல்லாத பாடசாலையிலும் ஒரு பாடம் நடத்தலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுங்கள். ஒன்றில் பனிக்கட்டியை மிதக்கவிடுங்கள். மற்றதில் நீருக்கு மேல் நிற்கும் கல்லொன்றின் மீது பனிக்கட்டியை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, உருகிய பின் மாணவர்களையே அளக்கச் சொல்லுங்கள். மிதந்த பனி உருகியதால் மட்டம் உயராது. கல்லில் இருந்த பனி உருகியதால் உயரும். கிறீன்லாந்தின் நிலப்பனி உருகுவது மன்னார்க் கரையில் வாழும் பிள்ளைக்கு ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல அந்த இரண்டு குவளைகளும் போதும்.