மோட்டார் சைக்கிளும் வழிகாட்டும் கருவியும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில், பழைய மிளகுப் பண்டகசாலைகள் நெருங்கி நிற்கும் சந்துகளினூடே மோட்டார் சைக்கிளில் செல்வோர் பலர், கைப்பேசியிலுள்ள ஜி.பி.எஸ். கருவியையே வழித்துணையாகக் கொள்கின்றனர். தனியே கருவி வாங்கும் செலவு இதனால் மிச்சமாகிறது.

பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள், நேரத்தைக் குறிக்கும் ரேடியோ அலைகளை அனுப்புகின்றன. குறைந்தது 4 கோள்களின் அலைகள் வந்து சேரும் காலத்தைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. இக்காலக் கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினும், தூரத்தில் 300 மீட்டர் பிழை நேரும். குறுகிய சந்துகளில் சுவர்கள் அலைகளைத் தடுத்தும் பிரதிபலித்தும் விடுவதால், அடுத்த தெருவில் நிற்பதாகக் கருவி காட்டுவதும் உண்டு.

ஆகவே, வானம் மறைபடாதவாறு கருவியைக் கைப்பிடித் தண்டில் பொருத்துதல் வேண்டும். என்ஜினின் அதிர்வு கைப்பேசியின் காமிராவைக் கெடுக்கக்கூடுமாதலால், பிடிக்கு ரப்பர் மெத்தை அவசியம். மழைக்கு நீர் புகா உறை தேவை. ஐயம் தோன்றின், வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே திரையைப் பார்த்தல் வேண்டும்.

கருவி இடத்தை அறியும். எதிரே கிடப்பது சாலையா, நீரா என்பதை அறியாது. 2023 அக்டோபர் 1ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், கொச்சிக்கு வடக்கேயுள்ள கோதுருத்தில், கனமழையில் சென்ற கார் ஒன்று ஆற்றில் வீழ்ந்து இரு மருத்துவர்கள் மாண்டனர். கருவி காட்டிய வழியே அவர்கள் சென்றதாகச் செய்திகள் கூறின. காயலும் கால்வாயும் சூழ்ந்த இப்பகுதியில் கண்ணே முதல் வழிகாட்டி. கருவி அதற்குத் துணையே.