ஃபிளாஷுக்குக் குறித்த நாள்

2021 ஜனவரி 12 அன்று, பிரவுசரில் விளையாட்டும் பாடமும் ஓட்டும் செருகுநிரலாக அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஷ் பிளேயர், படம் காட்டுவதை நிறுத்தியது. பழுதில்லை, வைரஸும் இல்லை. அடோபி நிறுவனம் கடைசிப் பதிப்புகளுக்குள் அந்தத் தேதியை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. விளையாட்டோ பாடமோ இருந்த இடத்தில் ஒரு சின்னம் மட்டும் நின்றது; சொடுக்கினால் நிறுவனத்தின் அறிவிப்பு திறந்தது. விலக்கும் இருந்தது: எம்எம்எஸ்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் வேண்டிய முகவரிகளை அனுமதித்து எழுதினால் ஃபிளாஷ் மறுபடி ஓடும். ஆனால் அந்த வழி நிர்வாகிகளுக்கான கையேட்டில் கிடந்தது. சாதாரணப் பயனர் அங்கே எட்டிப் பார்ப்பாரா?

ஃபிளாஷ் போன்ற செருகுநிரல்களை பிரவுசர்கள் கைவிட்டது சரியான முடிவுதான். நெட்ஸ்கேப் பிரவுசர் காலத்து ஏற்பாடு அது. உள்ளே வந்த நிரலுக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்துவிடும். ஓட்டைகள் வழியே திருடர்கள் ஓயாமல் நுழைந்தார்கள். குரோம் 2015இல் பழைய முறையை நீக்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நிறுத்தியது. பயனர்கள் புதுப்பிப்பதே இல்லை, அவர்கள் விருப்பத்துக்கு விட்டால் ஆபத்து நீடிக்கும் என்பார்கள். நியாயமான வாதம். ஆனால் அது ஓட்டையுள்ள பிளேயரை நிறுத்தத்தான் காரணமாகும், பழைய படைப்புகளைப் பூட்டிவைக்க அல்ல. ரஸ்ட் மொழியில் தன்னார்வலர்கள் எழுதும் ரஃபிள், பிரவுசரின் பாதுகாப்பு வேலிக்குள்ளேயே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டுகிறது. இணையக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலேயே அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. பிளேயரின் மூலநிரலை அடோபி வெளியிட்டிருந்தால் இவர்கள் வேலை எவ்வளவு எளிதாகியிருக்கும்!

மூடிய நிரலே கூடாது என்பதும் பிரவுசர்களின் கொள்கையாக இருக்கவில்லை. திரைப்படங்களின் நகல் தடுப்புக்காக வைட்வைன் என்ற மூடிய கூறு குரோமுக்குள் இன்றும் இருக்கிறது. அதற்கு வழிசெய்யும் தரநிலையை, இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சி 2017 செப்டம்பரில் ஏற்றது. படநிறுவனங்கள் கேட்டால் இடமுண்டு, பயனர் கேட்டால் இல்லை.

ஃபிளாஷ் முடியப்போவதாக 2017 ஜூலையிலேயே அடோபி அறிவித்துவிட்டது. அப்படியும் தென்னாப்பிரிக்க வருவாய்த்துறை தன் படிவங்களை உரிய நேரத்தில் மாற்றி முடிக்கவில்லை; 2021 ஜனவரியில் ஃபிளாஷ் ஓடும் தனி பிரவுசரையே வெளியிட்டது. வரி கட்டும் குடிமக்கள் என்ன தேர்ந்தெடுத்திருக்க முடியும்? அந்த அலட்சியத்தை மன்னிக்க முடியாது. நீங்களும் அலட்சியமாக இருக்காதீர்கள்: பழைய குறுந்தகடுகளில் ஃபிளாஷின் எஸ்டபிள்யூஎஃப் கோப்புகள் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அவற்றில் பலவற்றை ரஃபிள் இன்றும் திறக்கும்.