பூனைக்கு வைத்தியம் செய்யக் காசு சேர்க்கலாமா?



சென்ற குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆஹெனில் உள்ள எமது சிகிச்சை நிலையத்துக்கு ஒரு தாயும் பன்னிரண்டு வயது மகளும் வந்தார்கள். இருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வீட்டுப் பூனைக்கு. "டொக்டர், கொரோனாவுக்குக் குடுத்த மருந்து பூனைக்கும் வேலை செய்யுமாம். நீங்கள் எழுதித் தரேலாதோ?" என்று தாய் கேட்டார். அவர்கள் வெளியே வந்தபோது, காத்திருந்த ஐயா ஒருவர், "ஊரிலை சனம் மருந்துக்கு அந்தரப்படுகுது, இஞ்சை பூனைக்கோ?" என்றார். பிள்ளை அழத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு பேருக்குமே அன்று நாம் சரியாகப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்ல முயல்கிறோம்.

அது என்ன நோய்?

அந்தப் பூனைக்கு வந்தது எஃப்.ஐ.பி. எனப்படும் நோய். பூனைகளிடையே பரவும் ஒருவகைக் கொரோனா வைரஸ் பெரும்பாலும் சாதாரண வயிற்றோட்டத்துடன் போய்விடும். சில பூனைகளின் உடலில் மட்டும் அது உருமாறிக் கொடிய நோயாகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பூனைகளையே அதிகம் தாக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத காய்ச்சல், மெலிவு, வயிற்றில் நீர் சேர்தல் என்பன முக்கிய அறிகுறிகள். இது மனிதருக்குத் தொற்றாது.

முன்பு இந்நோய் வந்தால் அநேகமாகச் சாவுதான். 2019 இல் வெளியான ஆய்வு ஒன்றில், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் நீல்ஸ் பீடர்சன் குழுவினர் ஜி.எஸ். 441524 என்னும் மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்தனர். 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. 25 நீண்டகாலம் உயிர் வாழ்ந்தன. கொரோனாக் காலத்தில் மனிதருக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் இதன் நெருங்கிய உறவு மருந்து. 2023 ஓகஸ்டில் சைப்பிரஸ் அரசு, மனிதருக்கென வைத்திருந்த கொரோனா மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அனுமதித்தது. ஆகவே அந்தத் தாய் கேள்விப்பட்டது சரியே. ஆனால் மனித வைத்தியராகிய நாம் பூனைக்கு மருந்து எழுத முடியாது. அது விலங்கு வைத்தியரின் பொறுப்பு.

ஏன் இவ்வளவு செலவு?

எமக்கு வருத்தம் வந்தால் காப்புறுதி அட்டையைக் காட்டினால் போதும். பூனைக்கு அப்படியில்லை. தனிக் காப்புறுதி எடுக்காவிட்டால் முழுச் செலவும் எமது கையிலிருந்துதான். யேர்மனியில் விலங்கு வைத்தியரின் கட்டணம் சட்டப்படி வரையறுக்கப்பட்டது. 2022 நவம்பர் 22 முதல் பூனையின் பொதுப் பரிசோதனைக்கு அடிப்படைக் கட்டணம் 23.62 யூரோ, அதற்கு முன்னர் 8.98 யூரோவாக இருந்தது. சிரமத்தைப் பொறுத்து மூன்று மடங்குவரை அறவிடலாம். அதன்மேல் 19 வீத வரி. இரவிலும் வார இறுதியிலும் அவசர சேவைக்கு மேலும் 50 யூரோவும், நான்கு மடங்குவரை கட்டணமும் வரும். இரத்தப் பரிசோதனை, ஸ்கான், மருந்து எல்லாம் வேறு.

மருந்தை உருவாக்கிய நிறுவனம் அதைப் பூனைகளுக்கென விற்பனைக்கு விடாததால், பலர் ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்துக் கள்ளச்சந்தையில் வாங்கினார்கள். பிரித்தானியாவில் 2021 இலும் அமெரிக்காவில் 2024 இலும்தான் வைத்தியர் மூலம் பெற வழி பிறந்தது. மூன்சன் பல்கலைக்கழகம் 2024 இல் வெளியிட்ட ஆய்வு, வயிற்றில் அல்லது நெஞ்சில் நீர் சேர்ந்த பூனைகளுக்கு 84 நாட்களுக்குப் பதில் 42 நாட்களே போதும் என்று காட்டியது. நாள் குறைந்தால் செலவும் குறையும். உங்கள் விலங்கு வைத்தியரிடம் இதைக் கேளுங்கள்.

சேர்ப்பதானால் எப்படி?

1. முதலில் வைத்தியரிடம் எழுத்தில் செலவு மதிப்பீடு கேளுங்கள். தவணைமுறையில் கட்டலாமா என்றும் கேளுங்கள்.
2. பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் காசு தருபவருக்கும் சொல்லுங்கள்.
3. இயலுமானால் பணம் நேரே வைத்தியசாலைக் கணக்குக்குப் போகட்டும்.
4. பூனை இறந்தால் மிச்சப் பணம் எங்கே போகும் என்பதை முதலே அறிவியுங்கள்.
5. வரிக்கழிவுக்கான நன்கொடைப் பற்றுச்சீட்டைப் பொதுநலச் சங்கமாக அங்கீகரிக்கப்பட்ட அமைப்பே தரலாம்; தனியார் தர முடியாது.

செலவுக்குப் பயந்து பூனையை எங்காவது விட்டுவிட்டு வராதீர்கள். யேர்மன் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது தடை. வீட்டில் கிடக்கும் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். பூனையின் ஈரலால் பரசிற்றமோலை உடைக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைக் குடிக்கலாம். வருத்தப் பூனை கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். பூனைப் பல் ஆழமாக இறங்குவதால் காயம் விரைவில் பழுதாகும். ஏற்பு ஊசி போட்ட திகதியையும் பாருங்கள்.

அந்த ஐயாவுக்கு

ஐயா கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பூனைக்குக் கொடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அமெரிக்காவில் சூசன் கிங்ரிச் என்ற பெண்மணி, பிரியா என்னும் தன் பூனைக்குட்டியை இதே நோய்க்குப் பறிகொடுத்தபின், 2005 இல் அதன் பெயரில் ஓர் ஆய்வு நிதியைத் தொடங்கினார். பூனை வளர்ப்பவர்கள் கொடுத்த சிறுதொகைகள் இந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் போயின. ஒருவரின் துக்கம் பிறருக்கு உதவியாகலாம்.

எமது ஊர்ப் பிள்ளையும் தெரிந்தவர்களிடம் காசு சேர்த்தாள். ஆனால் நோயை அறிந்தது பிந்திவிட்டது. மருந்து தொடங்கிய நாலாம் நாள் பூனை இறந்துவிட்டது. மிச்சப் பணத்தை என்ன செய்வதென்று முன்பே தீர்மானிக்காததால், அவள் கொப்பியில் எழுதிவைத்த பெயர்களைப் பார்த்து ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். பெரும்பாலானோர் ஆஹென் விலங்குகள் காப்பகத்துக்குக் கொடுக்கச் சொன்னார்கள், அப்படியே கொடுத்தாள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த ஐயாவின் பெயரும் இருந்தது. அவர் ஐந்து யூரோ கொடுத்திருந்தார்.