எழுதாத சட்டமும் ஏறாத கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பேஸ்போல் என்னும் ஆட்டத்துக்குள்ள மதிப்பு, நமது நாட்டிலே கிரிக்கெட்டுக்குள்ள மதிப்பை ஒத்ததாகும். எறியப்படும் பந்தைத் துடுப்பால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி ஓடி வருபவர் தமது குழுவுக்கு ஓர் ஓட்டத்தைச் சேர்க்கிறார். இவ்வாட்டத்துக்கு வேண்டியவை கூரிய கண்ணும் வலிய தோளும் விரைந்த காலுமே. ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, அந்நாட்டின் பெரிய லீக்குகளிலே ஆடுவதற்கு இவை மட்டும் போதியனவாக இருக்கவில்லை. தோலின் நிறமும் வெள்ளையாக இருத்தல் வேண்டியிருந்தது.

தொடக்கத்திலே நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. 1884ஆம் ஆண்டிலே மோசஸ் ஃபிளீட்வுட் வோக்கர் என்னும் கறுப்பின வீரர் தொலீடோ நகரக் குழுவிலே சேர்ந்து பெரிய லீக்கில் ஆடினார். 1887இலே, அடுத்த படியிலிருந்த சர்வதேச லீக்கின் கழக உரிமையாளர்கள், கறுப்பின வீரரோடு இனிப் புதிய ஒப்பந்தம் செய்வதில்லை எனத் தீர்மானித்தனர். பெரிய லீக்குகளோ அத்தகைய விதி எதனையும் எழுதி வைக்கவில்லை. கனவான்களின் உடன்பாடு என அழைக்கப்பட்ட வாய்ப்பேச்சே அங்கு சட்டமாயிற்று. எழுதிய சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கண்டிக்கலாம். எழுதாத உடன்பாட்டையோ, அப்படியொன்று இல்லவேயில்லை என்று சாதித்துவிடலாம். அதன் வலிமை அங்கேதான் இருந்தது.

கதவு அடைபட்டபோது கறுப்பின மக்கள் தமக்கென வேறு களம் அமைத்தனர். சிறந்த பந்தெறி வீரராய் விளங்கிய றூப் ஃபொஸ்டர், 1920ஆம் ஆண்டு கன்சாஸ் நகரிலே கழக உரிமையாளர்களைக் கூட்டி, நீக்ரோ தேசிய லீக்கை நிறுவினார். நீக்ரோ என்பது அக்காலத்து வழக்கு. இன்று அச்சொல் அந்த லீக்குகளின் பெயரிலே வரலாறாய் நிற்கிறது. பொருளாதார மந்தத்தால் அந்த லீக் 1931இலே கலைந்தது. 1933இலே மீண்டும் அதே பெயரில் ஒன்று தோன்றியது. அவ்வாண்டு முதல் சிக்காகோவிலே நடைபெற்ற கிழக்கு மேற்குப் போட்டி பெருந்திரளான மக்களை ஈர்த்தது. கன்சாஸ் நகர மொனாக்ஸ் குழுவினர், பெரிய லீக்குகள் மின்னொளியில் ஆடத் தொடங்குவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே, 1930இலே, விளக்குகளை ஊர்தோறும் கொண்டுசென்று இரவிலே ஆடினர். அப்படி ஊர் ஊராய்ச் சென்றவர்களுக்குப் பல விடுதிகள் இடமளிக்க மறுத்தன. பகல் முழுதும் ஆடியவர்கள் பேருந்திலேயே உறங்க நேர்ந்த இரவுகள் பல.

இறுதியிலே, 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி றொபின்சன் புரூக்ளின் டொட்ஜர்ஸ் குழுவிலே ஆடத் தொடங்கினார். வலிய அடிக்குப் பேர்பெற்ற ஜோஷ் கிப்சன் அந்நாளைக் காணவில்லை. மூன்று மாதங்களுக்கு முன்னர், முப்பத்தைந்து வயதிலேயே அவர் காலமாகிவிட்டார். பந்தெறிவதில் இணையற்ற சற்சல் பேஜுக்கு 1948இலே வாய்ப்புக் கிடைத்தபோது வயது நாற்பத்திரண்டு. வாலிபத்தின் வலிமையை அவர் வேறு களங்களிலே செலவிட்டு முடித்திருந்தார்.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. றொபின்சனைப் பெற்றுக்கொண்ட டொட்ஜர்ஸ் கழகம், அவர் முன்பு ஆடிய மொனாக்ஸ் கழகத்துக்கு ஈடாக எதுவும் கொடுக்கவில்லை. நூவர்க் ஈகிள்ஸ் கழகத்தை நடத்திய எஃபா மான்லி என்னும் பெண்மணி இவ்வழக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். சிறந்த வீரர் ஒவ்வொருவராய்ப் பெரிய லீக்குகளுக்குச் செல்ல, பார்வையாளரும் அவர்களைத் தொடர்ந்தனர். 1948ஆம் ஆண்டுப் பருவத்தோடு நீக்ரோ தேசிய லீக் முடிவுற்றது. நியாயமான கதவு திறந்தது. ஆயின், அது அடைபட்டிருந்த காலமெல்லாம் அவ்வீரரைப் பேணி வளர்த்த வீடு வெறுமையாயிற்று.

கணக்குத் திருத்தப்பட நெடுங்காலம் சென்றது. 1920 முதல் 1948 வரை நடைபெற்ற ஏழு நீக்ரோ லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்பதாக 2020 டிசம்பரிலே அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்திலே அவற்றின் புள்ளிவிவரங்கள் பொது ஏட்டிலே சேர்க்கப்பட்டபோது, அடித்தாடும் சராசரியிலே ஜோஷ் கிப்சனின் பெயர் முதலிடத்துக்கு வந்தது. அவர் மறைந்து எழுபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. ஏட்டைத் திருத்தலாம், அவர் ஆடாது போன ஆட்டங்களைத் திருப்பித் தருதல் எவராலும் இயலாது.