நஸ்லாக் சவால்

நஸ்லாக் சவால் என்பது போக்கிமான் வரிசை நிகழ்பட ஆட்டங்களை ஆடுவோர், தமக்குத் தாமே சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டு ஆடும் ஒரு முறை ஆகும். சண்டையில் மயங்கி விழும் போக்கிமான் இறந்துவிட்டதாகக் கருதப்படும் என்பதும், ஒவ்வொரு பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் போக்கிமானை மட்டுமே பிடிக்கலாம் என்பதும் இதன் அடிப்படை விதிகள். இவ்விதிகள் ஆட்டத்தின் நிரலில் இல்லை. அவற்றை மீறினால் தடுக்கவோ தண்டிக்கவோ ஆட்டத்தில் எந்த ஏற்பாடும் கிடையாது. ஆடுபவரின் நேர்மை ஒன்றே இச்சவாலைக் காக்கிறது.

பின்னணி

போக்கிமான் வரிசையின் முதல் ஆட்டங்களான ரெட், கிரீன் ஆகியவை 1996 பெப்ரவரி 27 அன்று சப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவிக்காக வெளியிடப்பட்டன. இவற்றைக் கேம் பிரீக் நிறுவனம் உருவாக்கியது. சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்த அனுபவமே இவ்வாட்டத்துக்குத் தூண்டுதலாக இருந்தது என இதன் படைப்பாளர் சத்தோசி தாஜிரி கூறியுள்ளார். காடுகளிலும் பாதைகளிலும் வாழும் போக்கிமான்களைப் பிடித்து, பழக்கி, பிறருடைய போக்கிமான்களுடன் மோதவிடுவதே ஆட்டத்தின் சாரம். ஒரே நேரத்தில் ஆறு போக்கிமான்களை உடன் கொண்டுசெல்லலாம்.

இவ்வாட்டங்கள் சிறுவர்களுக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டவை. உயிர்ப்புள்ளிகள் தீர்ந்த போக்கிமான் இறப்பதில்லை, மயங்கி மட்டுமே விழுகிறது. ஊர்தோறும் உள்ள போக்கிமான் நிலையத்தில் கட்டணமின்றி அதைக் குணப்படுத்தலாம். அணியிலுள்ள அனைத்தும் மயங்கினாலும், தொடக்ககால ஆட்டங்களில் கையிலுள்ள பணத்தில் பாதி மட்டுமே பறிபோகும். எனவே பொறுமை உள்ள எவரும் இறுதியில் வென்றுவிடலாம். பல ஆண்டுகள் ஆடிப் பழகியவர்களுக்கு இந்த எளிமையே அலுப்பைத் தந்தது. நஸ்லாக் சவால் இக்குறையை நிறைவு செய்ய எழுந்தது.

விதிகள்

கட்டாயமாகக் கருதப்படும் விதிகள் இரண்டு:

1. மயங்கிய போக்கிமான் இறந்ததாகும். அதைக் காட்டில் விடுவித்துவிட வேண்டும் அல்லது இருப்புப் பெட்டியில் நிலையாக வைத்துவிட வேண்டும். மீண்டும் பயன்படுத்தலாகாது.
2. ஒவ்வொரு புதிய பகுதியிலும் முதலில் எதிர்ப்படும் காட்டு போக்கிமானை மட்டுமே பிடிக்கலாம். அது தப்பினாலோ மயங்கினாலோ அப்பகுதியில் மறுவாய்ப்பு இல்லை.

இவற்றுடன், பிடித்த ஒவ்வொன்றுக்கும் செல்லப்பெயர் இட வேண்டும் என்பதும், அணி முழுவதும் வீழ்ந்தால் சவால் தோல்வியில் முடிந்தது என்பதும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. பிடிக்கும் பந்துகள் கைக்கு வருமுன் நேரும் சந்திப்புகள் பொதுவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

தோற்றமும் பெயரும்

இச்சவால் அமெரிக்கரான நிக் பிராங்கோ என்பவரால் 2010 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்டது. கேம் பாய் அட்வான்சு கருவிக்காக 2002 இல் சப்பானில் வெளியான போக்கிமான் ரூபி ஆட்டத்தை இவ்விதிகளின்படி ஆடி, அந்த அனுபவத்தை அவர் வரைகதையாக இணையத்தில் வெளியிட்டார். அக்கதையில் நஸ்லீப் என்னும் போக்கிமான், லாஸ்ட் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதைமாந்தரான ஜான் லாக்கின் முகத்துடன் வரையப்பட்டிருந்தது. நஸ்லீப், லாக் ஆகிய இரு பெயர்களின் இணைப்பே நஸ்லாக் ஆயிற்று.

இழந்ததை மீளப்பெற இயலாத ஆட்டமுறை பிராங்கோவுக்கு முன்பே நிலவியது. 1980 இல் வெளிவந்த ரோக் என்னும் கணினி ஆட்டத்தில் இறந்தவர் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். 1990 இல் தொடங்கிய நின்டெண்டோவின் பயர் எம்பிளம் வரிசையில் போரில் வீழ்ந்த வீரர்கள் பொதுவாகத் திரும்புவதில்லை. ஆனால் அவற்றில் விதியை விதித்தவர்கள் ஆட்டத்தை உருவாக்கியவர்கள். நஸ்லாக் சவாலில் ஆடுபவரே அதை விதித்துக்கொள்கிறார்.

ஆட்டம் மாறும் விதம்

இரண்டு எளிய விதிகள் ஆட்டத்தை எவ்வளவு மாற்றுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1998 இல் வட அமெரிக்காவில் வெளியான புளூ பதிப்பில், ஆட்டக்காரர் முதலில் பல்பசோர், சார்மாண்டர், ஸ்குவர்டில் ஆகிய மூன்றில் ஒன்றைப் பெறுகிறார். பந்துகள் கிடைத்த பின்னர், முதல் எதிராளியான புரோக்கைச் சந்திக்கும் முன் அவர் போக்கிமான் பிடிக்கக்கூடிய பகுதிகள் நான்கு மட்டுமே. அவை 1, 2, 22 ஆகிய எண்ணுள்ள பாதைகளும் விரிடியன் காடும் ஆகும். ஆகவே அவரிடம் அதிகமாகப் போனால் ஐந்து போக்கிமான்கள் இருக்கும்.

விரிடியன் காட்டில் பிகாச்சு தென்படும் வாய்ப்பு 5 விழுக்காடு. சாதாரண ஆட்டத்தில் அது கிடைக்கும்வரை புல்வெளியில் சுற்றித் திரியலாம். நஸ்லாக் சவாலில் அதற்கு இடமில்லை. பெரும்பாலும் எதிர்ப்படுவது காட்டர்பி என்னும் கம்பளிப்புழுவாகவே இருக்கும். பலரும் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் போக்கிமான் அது.

புரோக்கிடம் 12 ஆம் நிலை ஜியோடூடும் 14 ஆம் நிலை ஆனிக்சும் உள்ளன. இரண்டும் பாறை, நிலம் ஆகிய இரு வகைகளைச் சேர்ந்தவை. புல், நீர் வகைத் தாக்குதல்கள் இவற்றுக்கு நான்கு மடங்கு சேதம் விளைவிக்கும். எனவே பல்பசோரையோ ஸ்குவர்டிலையோ தேர்ந்தவருக்குத் துன்பமில்லை. சார்மாண்டரின் நெருப்போ பாறையிடம் பாதியாகக் குறையும். இந்நிலையில் காட்டர்பி கைகொடுக்கிறது. அது 7 ஆம் நிலையில் மெட்டாபாடாகவும் 10 ஆம் நிலையில் பட்டர்பிரீ என்னும் வண்ணத்துப்பூச்சியாகவும் உருமாறி, 12 ஆம் நிலையில் கன்பியூசன் என்னும் மனோசக்தித் தாக்குதலைக் கற்கிறது. ஆனிக்சின் காப்பு அளவு 160. ஆனால் இத்தகைய சிறப்புத் தாக்குதல்களைத் தாங்கும் அளவு 30 மட்டுமே. கல்மலை போன்ற ஆனிக்சைப் பட்டாம்பூச்சி வீழ்த்திவிடக்கூடும். கையில் உள்ளதைக் கொண்டு வழிதேட வேண்டிய கட்டாயமே இத்தகைய நுட்பங்களை ஆடுவோர் கண்டறியக் காரணமாகிறது.

தற்செயலும் இடரும்

சாதாரண ஆட்டத்தில் சிறிய இடர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நஸ்லாக் சவாலில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரு போக்கிமான் ஒரு சண்டையில் பிழைக்கும் வாய்ப்பு 98 விழுக்காடு எனக் கொள்வோம். இது பாதுகாப்பானதாகவே தோன்றும். ஆனால் அத்தகைய 50 சண்டைகளையும் கடந்து அது உயிருடன் இருக்கும் வாய்ப்பு சுமார் 36 விழுக்காடு மட்டுமே. எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள், வெல்ல முடியுமா என்று பார்ப்பதோடு நிற்காமல், எதிர்பாராத அடி விழுந்தாலும் தாங்குமா என்றும் கணக்கிடுகின்றனர்.

அத்தகைய எதிர்பாராத அடிகளுள் முதன்மையானது, சேதத்தைப் பெருக்கும் உச்சத் தாக்குதல் ஆகும். முதல் தலைமுறை ஆட்டங்களில் இதன் வாய்ப்பு தாக்கும் போக்கிமானின் வேகத்தைப் பொறுத்தது. இரண்டாவது எதிராளியான மிஸ்டியின் ஸ்டார்மிக்கு இது சுமார் 22 விழுக்காடு. ஏறத்தாழ ஐந்து அடிகளில் ஒன்று இவ்வாறு அமையும். கோல்டு, சில்வர் ஆட்டங்களில் விட்னி என்பவரின் மில்டேங்க் பயன்படுத்தும் ரோல்அவுட் தாக்குதல், தவறாது பட்டுக்கொண்டே இருந்தால் 30, 60, 120, 240, 480 என ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். இரண்டாவது அடியிலேயே அதை நிறுத்த வழி தேடாதவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல போக்கிமான்களை இழப்பார்.

சண்டைக்கு வெளியிலும் ஆபத்து உண்டு. தொடக்ககால ஆட்டங்களில் நஞ்சேறிய போக்கிமான், நடக்கும்போதே உயிர்ப்புள்ளிகளை இழந்து மயங்கும். 2010 இல் வெளிவந்த பிளாக், வைட் ஆட்டங்களில் இவ்விளைவு நீக்கப்பட்டது.

செல்லப்பெயரின் பங்கு

பெயரிடும் விதி ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டுவதில்லை. ஆயினும் இழப்பின் பொருளை அதுவே மாற்றுகிறது. பெயரற்ற ஒன்று மயங்கினால் அணியில் ஓர் இடம் காலியாகும். ஆட்டக்காரர் தாமே பெயரிட்டு வளர்த்தது மயங்கினால், அதை விடுவிக்கும் பொத்தானை அவரே அழுத்த வேண்டியிருக்கிறது. வீழ்ந்தவற்றுக்கென்று ஒரு பெட்டியை ஒதுக்கி, அதற்குக் கல்லறை எனப் பெயரிடுவோரும் உளர்.

மூல ஆட்டங்களும் போக்கிமானின் இறப்பை அறியாதவை அல்ல. ரெட், புளூ ஆட்டங்களில் லாவெண்டர் நகரிலுள்ள கோபுரம் இறந்த போக்கிமான்களின் அடக்கத்தலமாகும். குட்டியைப் பிரிந்த மாரோவாக் ஒன்றின் ஆவி அங்கு உலவுகிறது. நஸ்லாக் முறையில் ஆடுவோருக்கு அக்கோபுரம் வெறும் கதைக்களமாக இருப்பதில்லை.

கிளை வகைகள்

- கடும் நஸ்லாக்: அடுத்த தலைவரின் மிக உயர்ந்த போக்கிமானின் நிலையைத் தாண்டி வளர்க்கக்கூடாது, சண்டையின்போது மருந்து முதலிய பொருட்களைப் பயன்படுத்தக்கூடாது. எதிராளி அடுத்த போக்கிமானை இறக்கும்போது தன்னுடையதை இலவசமாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் விலக்குவர். இவ்வசதியை நிறுத்தும் தெரிவு 2022 இல் வெளியான ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் இல்லாததால், அவற்றில் ஆடுவோர் தாமே அதை மறுத்துவர வேண்டும்.
- உயிர்ப்பிணைப்பு: இருவர் தனித்தனியே ஆடுவர். ஒரே பகுதியில் இருவரும் பிடித்தவை இணையாகும். ஒன்று இறந்தால் மற்றதும் இறந்ததாகக் கொள்ளப்படும்.
- வெட்லாக்: ஆண், பெண் இணைகளாகவே சண்டையிட வேண்டும். பால் வேறுபாடு பொதுவாக இரண்டாம் தலைமுறையிலேயே அறிமுகமானதால் முதல் ஆட்டங்களுக்கு இது பொருந்தாது.
- வொண்டர்லாக்: பிடித்தவற்றை, 2013 இல் வந்த வொண்டர் டிரேடு வசதியின் மூலம் முன்பின் அறியாதவருடன் மாற்றிக்கொள்ள வேண்டும். 3டிஎஸ் கருவிக்கான இணையச் சேவை 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டபின் அக்கருவியில் இவ்வகையை மூல வடிவில் ஆட இயலாது.

கருத்து வேறுபாடுகள்

விதிகளின் எல்லை குறித்து ஆடுவோரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஏற்கெனவே பிடித்த இனமே மீண்டும் எதிர்ப்பட்டால் அதைத் தவிர்த்து வேறொன்றைத் தேடலாம் எனப் பலர் ஏற்கின்றனர். அரிய நிறமுடைய போக்கிமான்களுக்கும் விலக்கு அளிப்பர். இரண்டாம் தலைமுறை முதல் ஐந்தாம் தலைமுறை வரை அவை தோன்றும் வாய்ப்பு 8192 இல் ஒன்று, ஆறாம் தலைமுறை முதல் 4096 இல் ஒன்று.

இச்சவால் திறனைவிடத் தற்செயலுக்கே அதிக இடம் தருகிறது என்றும், இழந்த போக்கிமானுக்கு ஈடாக இன்னொன்றை வளர்க்க நெடுநேரம் வீணாகிறது என்றும் குறைகூறுவோர் உண்டு. ஆதரிப்போர், திட்டமிடுதலால் தற்செயலின் பங்கைக் குறைப்பதே திறன் என்பர்.

சேமித்த இடத்திலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கி, நேர்ந்த இழப்பை இல்லாமலாக்குவது எப்போதும் எளிது. கருவியை ஒருமுறை அணைத்து இயக்கினால் போதும். அவ்வாறு செய்பவர் ஆட்டத்தை முடிக்கலாம், ஆனால் அவர் நஸ்லாக் சவாலை முடித்தவராகக் கருதப்படுவதில்லை.