வீட்டு ஷெட்டில் மர விமானம்: செய்யலாம்... பறக்கலாமா?

ராஜபாளையத்தில் நூற்பாலைகள். பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்துக்கு ஓடும் ஆண்டாள் கோயில் மரத்தேர். நூல், துணி, மரவேலை மூன்றும் பழகிய ஊர்கள். 'சொந்தமாக விமானம் செய்த இளைஞர்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தால், 'நம்ம ஊர்லயும் பண்ணலாமே' என்று தோன்றுவது இயல்புதான்.

பண்ண முடியுமா? முடியும். உலகம் முழுக்கப் பலர் கார் ஷெட்டிலேயே மர விமானம் செய்து பறக்கிறார்கள். ஆனால், மரவேலை இதில் பாதிதான். மீதிப் பாதி தெரியாமல் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

மெட்ராஸ் 1910-லேயே பார்த்துவிட்டது

தமிழ்நாட்டுக்கு இது புதிய ஆசை இல்லை. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். செய்துகொடுத்தது, குதிரை வண்டிகள் கட்டிய சிம்சன் நிறுவனம். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார். அந்தக் காலத்தில் விமானம் என்றாலே மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துக் கட்டிய துணியும்தான். வண்டிப் பட்டறைக்காரர்களால் விமானம் கட்ட முடிந்தது அதனால்தான்.

மரம் தாங்குமா?

தாங்கும். எடையோடு ஒப்பிட்டால் நல்ல மரத்தின் வலிமை உலோகத்துக்குச் சளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ விமானம் பெரும்பாலும் மரம்தான்.

ஆனால் தேருக்கு எடுக்கும் மரம் இதற்கு ஆகாது. தேருக்குக் கனமான, வைரம் பாய்ந்த மரம் வேண்டும். விமானத்துக்கு லேசான மரம் வேண்டும். உலகெங்கும் விரும்பப்படுவது சிட்கா ஸ்புரூஸ். ஒரு கன மீட்டர் சுமார் 400 கிலோ. தேக்கு 650 கிலோவை ஒட்டி வரும். அலுமினியம் 2,700 கிலோ.

லேசாக இருந்தால் மட்டும் போதாது. மரத்தின் ரேகை நேராக ஓட வேண்டும். 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் ரேகை சாய்ந்தால், இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் எனும் நீளச் சட்டத்துக்கு அந்தத் துண்டு வேண்டாம். கணு, வெடிப்பு இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

பசையில் இருக்கிறது உயிர்

மர விமானத்தில் மூட்டுகளைப் பிடித்து வைத்திருப்பது முக்கியமாகப் பசைதான். இப்போது பெரும்பாலும் எபாக்சி. இரண்டு திரவங்களைச் சரியான அளவில் கலக்க வேண்டும். கலவை தப்பினாலும், மரத்தில் ஈரம் அதிகமானாலும் மூட்டு பலவீனமாகும். வெளியே பார்த்தால் தெரியாது.

அதனால் ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் இரண்டு சின்ன மரத்துண்டுகளை ஒட்டி வைப்பார்கள். காய்ந்த பிறகு உடைத்துப் பார்ப்பார்கள். மரம் பிய்ந்தால் பசை பாஸ். ஒட்டிய இடத்திலேயே விட்டுவந்தால் ஃபெயில். அந்தக் கலவையில் ஒட்டிய வேலை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

இறக்கைக்கு மேலே துணி. முன்பு பருத்தி, லினன் துணியைப் போர்த்தி, 'டோப்' என்ற பூச்சு அடித்து இறுக்குவார்கள். இப்போது பாலியஸ்டர். இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே சுருங்கி, மத்தளம்போல இறுகிவிடும்.

இடமும் நேரமும்

அமெரிக்காவில் போயிங் பொறியாளர் பீட்டர் பவர்ஸ் வடிவமைத்த 'ஃப்ளை பேபி' நல்ல உதாரணம். ஒருவர் மட்டும் உட்காரலாம். இறக்கையின் மொத்த அகலம் 28 அடி. காலி எடை சுமார் 275 கிலோ. இறக்கைகளை மடக்கி, காரில் கட்டி வீட்டுக்கே இழுத்து வரலாம். வீட்டில் விமானம் செய்பவர்களுக்கான வடிவமைப்புப் போட்டியில் 1962-ல் பரிசு வென்ற இதன் வரைபடத்தை வைத்துப் பலர் செய்திருக்கிறார்கள்.

இப்படி ஒன்றை முடிக்க 1,000 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினால்கூட இரண்டு வருடம் ஓடிவிடும்.

சரி, பிரச்சினை எங்கே?

பசையை உடைத்துப் பார்க்கலாம். வடிவமைப்பை ஷெட்டில் அப்படிச் சோதிக்க முடியாது.

1930-களில் பிரான்ஸின் ஆன்றி மின்யே, 'ஆகாயத்துப் பேன்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு குட்டி மர விமானம் செய்தார். 'பெட்டி செய்யத் தெரிந்தால் இதையும் செய்யலாம்' என்ற நம்பிக்கையில் பலர் கட்டினார்கள். விபத்துகள் தொடர்ந்தன, உயிர்கள் போயின. பிறகு காற்றுச் சுரங்கத்தில் சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. ஒரு அளவுக்கு மேல் மூக்கு கீழே சாய்ந்தால், பைலட் என்ன செய்தாலும் விமானம் நிமிராது. கட்டியவர்கள் எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தாலும் பயனில்லை.

நம் நாட்டிலும் வலி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், சொந்தமாகச் செய்த ஹெலிகாப்டரைத் தரையில் ஓட்டிச் சோதித்த இளைஞர், விசிறித் தகடு உடைந்து தலையில் பட்டு இறந்துபோனார். அவருக்குத் திறமை இல்லாமல் இல்லை. பக்கத்தில் நின்று 'இதை இப்போ ஓட்டாதே' என்று சொல்ல ஒரு அமைப்பு இல்லை.

பிரிட்டனில் இலகு விமானச் சங்கத்தின் ஆய்வாளர்கள், கட்டும்போதே கட்டம் கட்டமாக வந்து பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பொதுவாக 25 முதல் 40 மணி நேரம் சோதனைப் பறத்தல் முடிந்த பிறகே மற்றவர்களை ஏற்றலாம்.

இந்தியாவில்?

இங்கே எல்லாம் டிஜிசிஏ கையில். விமானத்துக்குப் பதிவு வேண்டும், பறக்க அனுமதி வேண்டும், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வேண்டும். மும்பை பைலட் அமோல் யாதவ், தன் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் உலோக விமானத்தைக் கட்டினார். பதிவுக்கு 2011-ல் விண்ணப்பித்தார். பதிவுச் சான்றிதழ் கிடைத்தது 2017-ல். சோதனையாகப் பறக்க அனுமதி 2019-ல். லைசென்ஸ் உள்ள ஒரு பைலட்டுக்கே எட்டு வருடம்!

இவ்வளவு தாமதம், திறமையான பையன்களை 'யாரையும் கேட்காமல் ஓட்டிப் பார்த்துடலாம்' என்ற பக்கம் தள்ளும். ஆய்வே இல்லாத நாட்டில் நடப்பதும், ஆய்வு எட்டு வருடம் இழுக்கும் நாட்டில் நடப்பதும் கடைசியில் ஒன்றாகிவிடும்.

ஆரம்பிக்க நினைத்தால்...

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு ஷெட் வைத்திருப்பவர், பால்சா மரத்தில் ரிமோட் மாடல் விமானம் செய்து தொடங்கலாம். அடுத்து, ஏற்கெனவே பலர் பறந்து நிரூபித்த வரைபடம் ஒன்றை வாங்கலாம். சொந்த டிசைன் வேண்டாம். விலை உயர்ந்த மரம் வாங்கும் முன் டிஜிசிஏ விதிகளைப் படித்து, ஒரு ஏரோநாட்டிக்கல் பொறியாளரிடம் பேசிவிடுவது நல்லது. முதல் வேலையாக ஒரே ஒரு இறக்கை விலா எலும்பைச் செய்து, பசை காய்ந்ததும் உடைத்துப் பாருங்கள். பிய்ந்தது மரமா, பசையா?