முத்திரை இருக்கு... வவுச்சர் இருக்கா?

டிசம்பர் வந்தால் சபா கேன்டீன் பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது. நான் சொல்லப் போவது காலை எட்டு மணிக் கூட்டத்தைப் பற்றி. டி.டி.கே. சாலை மியூசிக் அகாடமியில் சீசன் நாட்களில் காலையில் ஆராய்ச்சி உரைகள் நடக்கும். 'லெக்-டெம்' என்பார்கள். மேடையில் ஒருவர் ஒரே பாட்டின் ஒரே வரியை நாலு விதமாகப் பாடிக் காட்டி, "இதில் எது அசல்?" என்று ஆராய்வார். முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "இதுக்குப் பிரமாணம் என்ன?" என்று மடக்குவார். பட்டுப் புடவை, வைரத்தோடு கூட்டமெல்லாம் சாயங்காலத்துக்குத்தான். காலையில் பெரும்பாலும் நோட்டுப் புத்தகமும் மூக்குக் கண்ணாடியும்!

ராகம் என்றால் காத தூரம் ஓடுகிற பி.காம். நான். ஆனால் அந்தப் 'பிரமாணம்' மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. வவுச்சர் ஸார், வவுச்சர்! அங்கே நடப்பது ஆடிட்!

விஷயம் இதுதான். பாட்டை இயற்றியவர் யார் என்று தெரிய, பாட்டுக்குள்ளேயே ஒரு சொல் வைப்பார்கள். முத்திரை என்று பெயர். தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். சியாமா சாஸ்திரிக்கு 'ஸ்யாமகிருஷ்ண'. சுலபம்தானே என்பீர்கள். ரப்பர் ஸ்டாம்ப் ஆபீஸில் எத்தனை மேஜைகளில் உருண்டுகொண்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? பின்னாளில் யாராவது சமஸ்கிருதத்தில் நன்றாக ஒரு பாட்டுக் கட்டி, கடைசியில் 'குருகுஹ' என்று ஒரு குத்துக் குத்திவிட்டால்?

தீட்சிதர் பெயரில் இன்று புழங்குபவை ஏறத்தாழ 500 பாட்டுகள். வவுச்சரோடு இருப்பவை என்று ஆராய்ச்சிக்காரர்கள் முதலில் காட்டுவது 229-ஐத்தான். 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் இருப்பவை அவை. எழுதியவர் சுப்பராம தீட்சிதர். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே தத்து எடுத்துக்கொண்ட பிள்ளை. குடும்பச் சொத்தை ஸ்வரம், கமகம் உள்பட எழுதி வைத்துவிட்டார். (1906-ல் அவர் காலமானபோது இரங்கல் கவிதை எழுதியவர், அதே எட்டயபுரத்துக்காரரான பாரதியார்.)

அந்தப் புத்தகம் வரக் காரணமாக இருந்த ஆளைத்தான் நம்ம ஆபீஸ் நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய ஆசை. ஏ.எம். சின்னசாமி முதலியார். எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர், சென்னை செக்ரடேரியட்டில் சூபரின்டெண்டென்ட். பைல் பார்த்த நேரம் போக, நம்ம பாட்டுகளை மேல்நாட்டுக் கோட்டு நொட்டேஷனில் எழுதி, 1893-ல் புதுப்பேட்டையில் அச்சடித்து வெளியிட்டார். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் பார்த்து வாசிக்க வேண்டுமாம்!

கேள்விப்பட்டதையெல்லாம் அவர் எழுதிவிடவில்லை. தியாகராஜரின் பாட்டுகளுக்கு அவருடைய சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதரின் மகன் கிருஷ்ணசாமி பாகவதரைப் பிடித்தார். தீட்சிதர் பாட்டுக்கு நேரே சுப்பராம தீட்சிதர். முதலில் தயங்கியவரைப் பேசிப் பேசிக் கரைத்தார். வேலை பாதியில் இருக்கும்போதே பணம் கரைந்தது, கண் பார்வையும் மங்கியது. சரி, நம்மால் முடியாது, நீங்களாவது எழுதுங்கள் என்று சுப்பராம தீட்சிதரிடமும், செலவை ஏற்கும்படி எட்டயபுரம் ராஜாவிடமும் வேண்டிக்கொண்டார். அதன் பலன்தான் 1904. ரிடையரானதும் வீட்டு மனை பார்க்கிற வர்க்கத்தில் இப்படியும் ஒருவர்!

முதலியார் வேலை பார்த்த செக்ரடேரியட் இருந்ததே ஜார்ஜ் கோட்டை, அங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. அவருக்குச் சுமார் நூறு வருஷம் முன்பு தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் இருந்தது. கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரன் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பும் கிடைத்தது. பாலுசுவாமி பிடில் கற்றுக்கொண்டு அதை நம்ம சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். அண்ணனோ பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டார். 'நோட்டு ஸ்வரம்' என்று பெயர். அதில் 'ஸந்ததம் பாஹிமாம்' என்ற பாட்டின் மெட்டு எது தெரியுமோ? சாட்சாத் பிரிட்டிஷ் தேசிய கீதம்! மெட்டுக் கடன் வாங்குவது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை ஸார்.

சரி, 229 போக மிச்சமெல்லாம் போலியா? அவசரப்படக் கூடாது. 1936-ல் திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை என்ற நாகஸ்வர வித்வான் 50 தீட்சிதர் கிருதிகளைப் புத்தகமாகப் போட்டார். சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் பாடம் கேட்டு வந்தவை. அந்த வழி நம்பகமானது என்று ஆராய்ச்சிக்காரர்கள் மதிக்கிறார்கள். அதற்கும் அப்பால் வந்தவற்றில்தான் சண்டை. ராகத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். இன்று நாம் சுத்தசாவேரி என்பதற்கு தீட்சிதர் வழியில் தேவக்ரியா என்று பெயர். சாகித்யத்தின் நடையைப் பார்க்கிறார்கள், எதுகை, மோனை விழுகிற இடத்தைப் பார்க்கிறார்கள். ஆடிட்டர் பேனா மையின் நிறத்தைப் பார்க்கிற மாதிரி!

"யார் எழுதினா என்ன, கேட்க நல்லாருந்தா போதாதா?" என்று என் நண்பன் கேட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது தீட்சிதர் பாட்டு இல்லையென்றால் மட்டமான பாட்டு என்று அர்த்தமில்லை. அவர் பாட்டு என்று ஜனங்கள் நம்புகிற அளவுக்கு ஒருவர் கட்டியிருக்கிறாரே, அந்த ஆசாமி யார்? அவருக்கு ஒரு கைதட்டல்கூட வரவில்லை. மற்றவன் கணக்கில் கிரெடிட் ஆகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் ராத்திரி கண் விழித்து எழுதிய ரிப்போர்ட்டில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்?

பிரதர்சினி முதலில் வந்தது தெலுங்கு எழுத்தில். அதைத் தமிழ் எழுத்தில் ஐந்து பாகங்களாகக் கொண்டுவந்தது மியூசிக் அகாடமி. 1961-ல் ஆரம்பித்த வேலை, எண்பதுகளில்தான் முடிந்தது. இப்போது இங்கிலீஷிலும் உண்டு. ஆபீஸ் பத்து மணிக்கென்றால் எட்டு மணி லெக்-டெம்மில் ஒரு மணி நேரம் தாராளமாக உட்காரலாம். அந்த முன் வரிசைப் பெரியவருக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள், தூங்க முடியாது.